ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னா குதிரைக்கு ஒண்ணும் இல்லையா?

குதிரை முன்னங்கால்ல பின்பக்கம் லேசா வீங்கி, தொட்டா சூடா இருந்தா உடனே எல்லாரும் கேக்குறது எக்ஸ்ரே எடுத்தாச்சான்னுதான். எக்ஸ்ரேல எலும்பு தெரியும், சதையை எலும்போட கட்டுற நாரான டெண்டான் கிழிஞ்சிருக்கான்னு தெரியாது (எலும்பையும் எலும்பையும் கட்டுற லிகமென்ட் இழுத்த இழுப்புல எலும்புல ஒரு சில்லு பேந்து வந்திருந்தா அது தெரியும், அதுக்கு வேணும்தான்). முட்டிக்குக் கீழ குதிரைக்கு சதைன்னு சொல்லிக்க ஒண்ணும் கிடையாது, தோலுக்கு அடியில டெண்டான், அப்புறம் எலும்பு, அதனால அல்ட்ராசவுண்டுக்கு இதைவிட தோதான இடம் இல்ல.

ஆனா "அல்ட்ராசவுண்டும் பாத்துட்டோம், பெருசா ஒண்ணும் இல்லையாம்"னு யாராவது சொன்னா நான் முதல்ல கேக்குறது, எப்போ எடுத்தீங்க? அடிபட்ட மறுநாளே எடுத்தா காயம் சின்னதாத்தான் தெரியும். முதல் ஒரு வாரம் பத்து நாள் அது உள்ளுக்குள்ள பெருசாகிட்டே இருக்கும், அதனால முதல் ஸ்கேன் நல்லா இருந்தாலும் ஒரு வாரம் கழிச்சு இன்னொண்ணு எடுத்தே ஆகணும்.

அடுத்தது, எப்படி எடுத்தாங்கன்றது. முடிய மழிச்சு, அழுக்குப் போகத் துடைச்சு, ஜெல்ல நல்லாத் தேய்ச்சுட்டுத்தான் புரோப்ப (கால்ல வச்சுப் பாக்குற கருவிய) வைக்கணும், குதிரையும் அந்தக் கால்ல எடை போட்டு நேரா நிக்கணும். குறுக்குவாட்டுல பாத்தா தோலுக்கு அடியிலேயே மேலோட்டமான டெண்டான், அடுத்து ஆழமான டெண்டான், அதுக்கும் உள்ள அந்த ஆழமான டெண்டானோட போய்ச் சேர்ற செக் லிகமென்ட், எலும்ப ஒட்டி சஸ்பென்சரி லிகமென்ட். ரேஸ் குதிரைங்களுக்கு அதிகமா அடிபடுறது முதல் ஆளுதான், அந்த மேலோட்டமான டெண்டான். நல்ல டெண்டான் வெளுப்பா, அடர்த்தியா, புள்ளி புள்ளியா தெரியும், அடிபட்டதுல பெரும்பாலும் நட்டநடுவுல ஒரு கருப்பு ஓட்டை இருக்கும். வில்லங்கம் என்னன்னா, புரோப் கொஞ்சம் சாஞ்சாலே நல்ல டெண்டானும் கருப்பாத்தான் தெரியும், அதனால மெல்ல சாய்ச்சு சாய்ச்சுப் பாக்கணும், கருப்பு மறைஞ்சா அது வெறும் கோணத்தோட வேலை, எந்தக் கோணத்துலயும் அப்படியே நின்னு நெடுக்குவாட்டுப் படத்துலயும் நார் அறுந்து தெரிஞ்சா நிஜக் காயம். எதிர்க்காலையும் எடுத்து டெண்டானோட குறுக்குவெட்டுப் பரப்பளவ ஒப்பிட்டுப் பாக்குறது நல்லதுதான், ஆனா ரெண்டு கால்லயும் சேர்ந்தே அடிபட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கு, அத மறந்துடக் கூடாது.

குளம்புக்குள்ள இருக்கிற காயம்னா கதையே வேற. அந்தக் கெட்டி ஓட்டுக்குள்ள அல்ட்ராசவுண்ட் போகாது. முதல்ல நரம்புல மரத்துப்போற ஊசி போட்டு வலி எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சுட்டு எம்ஆர்ஐக்குப் போகணும். மயக்கம் குடுத்துப் படுக்க வைக்காம, அசையாம இருக்க மட்டும் ஊசி போட்டு நிக்க வச்சே எடுக்கிற மெஷினும் இருக்கு, காந்தசக்தி கம்மி, குதிரை ஆடினா படமும் ஆடும். இங்கயும் கோணம் விடாது, சில வகைப் படங்கள்ல காந்தப் புலத்துக்கு நார் ஏறக்குறைய 55 டிகிரி சாஞ்சிருந்தா நல்ல நாரும் காயம் மாதிரி பளிச்சுன்னு தெரியும்.

எனக்கு உண்மையிலேயே கோவம் வர்றது அதுக்கப்புறம்தான். சில வாரத்துலயே நொண்டல் போயிடும், உடனே சேணத்தப் போட்டு ஏறிடுவாங்க. அப்போ ஸ்கேன் எடுத்தா டெண்டான்ல இருந்த அந்தக் கருப்பு ஓட்டை இன்னும் பாதி கூட நிறைஞ்சிருக்காது, நிறைஞ்ச இடத்துலயும் நார் சீவாத தலை மாதிரி கண்டபடி கிடக்கும். பெரிய காயம்னா முழு ஓட்டத்துக்குத் திரும்ப 9 மாசம், ஒரு வருஷம்னு ஆகும். நடையிலிருந்து துள்ளுநடைக்கு மாத்துறதுக்கு முன்னாடியும், அதுக்கு மேல வேகம் கூட்டுறதுக்கு முன்னாடியும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துக்குங்க. ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல எடுக்கணும், அதுக்கு முட்டிக்குப் பின்னால துருத்திட்டிருக்கிற எலும்புல இருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழன்னு குறிச்சு வைக்கச் சொல்லுங்க. ரிப்போர்ட் மட்டும் குடுத்தா படத்தையும் கேட்டு வாங்கிக்குங்க, அடுத்த தடவை பாக்குறவங்களுக்கு ஒப்பிட அதுதான் வேணும்.