கொட்டாங்குச்சிப் பழி

“இது இந்தியன் வீட்டுக் குப்பைதான்!” குப்பைத் தொட்டிக்குக் காவல் நிற்கும் அத்தை சத்தம் போட, நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சமையல் கழிவு போடும் ஈரக் குப்பையில் ஒரு கொட்டாங்குச்சி. தேங்காய் என்றால் இந்தியன். கேஸ் முடிந்தது.

ஷாங்காயில் 2019 ஜூலை 1 முதல் இதுதான் சட்டம். ஈரம், உலர், மறுசுழற்சி, அபாயம் என்று குப்பையை நாலாகப் பிரிக்க வேண்டும். கலந்து போட்டால் 50 முதல் 200 யுவான் வரை அபராதம். மீன் முள் ஈரம், பெரிய பன்றி எலும்பு உலர், கொட்டாங்குச்சியும் உலர். “நீ என்ன குப்பை?” என்று காவல் அத்தைகள் கேட்பதாக அப்போது ஊரே ஜோக்கடித்தது. நானும் சேர்ந்து சிரித்தவன்தான்.

அபராதம்கூடப் பரவாயில்லை. இங்கே வந்ததிலிருந்து நான் முழுத் தேங்காய் உடைத்ததே இல்லை. பாக்கெட் தேங்காய்த் தூளை வெந்நீரில் ஊறவைத்து, அதற்குச் சட்னி என்று பேர் வைத்துச் சாப்பிடுகிறேன். துருவ ஒரு மூடி கிடைக்காதா என்று ஏங்குகிறவன் தலையில் கொட்டாங்குச்சிப் பழி! அதுவும் அந்த ஓட்டில் ஸ்ட்ரா செருகியிருந்தது. யாரோ குடித்துப் போட்ட, சீனாவின் தெற்குத் தீவான ஹைனான் தேங்காய். எந்தத் தமிழன் சட்னித் தேங்காயில் ஸ்ட்ரா போடுவான்? இதை எடுத்துச் சொல்ல என் சீனம் போதவில்லை.

மூன்றாம் மாடிப் பாட்டிதான் ஸ்ட்ராவைக் காட்டி, “அந்தப் பையனை யுவென்வாங் பண்ணாதே” என்று அத்தையை அடக்கினார். செய்யாததற்குப் பழி சுமத்தாதே என்று அர்த்தம். படியேறும்போது தோ அ என்ற பெண்ணின் கதையும் சொன்னார். 13ஆம் நூற்றாண்டில் குவான் ஹான்சிங் எழுதிய நாடகத்தில் வருகிறவள். செய்யாத கொலைக்கு அவள் தலை போகிறது. அவள் சொன்னபடியே நடுக்கோடையில் பனி கொட்டுகிறது, மூன்று வருஷம் மழை பொய்க்கிறது. எங்கள் பக்கம் ஒரு சிலம்புத் திருட்டுப் பழிக்கு மதுரையே எரிந்தது என்றேன். பாட்டிக்குக் கண்ணகியை ரொம்பப் பிடித்துவிட்டது.

இப்போது அத்தை என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். நானும் இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டேன், ஆபீசில் யாராவது என் மேல் பழி போட்டால் யுவென்வாங் சரளமாக வருகிறது. சின்ன வயதில் வீட்டில் அந்த வசதி ஏது? வெள்ளிக்கிழமை சாமிக்குத் தேங்காய் உடைத்து, அம்மா தண்ணீரை டம்ளரில் பிடித்து வைப்பார். திரும்பிப் பார்ப்பதற்குள் டம்ளர் காலி. அடி எனக்கு, குடித்தது அண்ணன். போன வாரம் துபாய்க்குப் போன் போட்டு நேராகவே கேட்டேன்.

“நீதான்டா குடிச்சே” என்கிறான்.