வாங்கும் வங்கியும்

1968ஆம் ஆண்டில் நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது எங்கள் வகுப்பறையில் ஒரேயொரு கதிரைதான் இருந்தது; அது மாஸ்ரருக்கு உரியது. நாங்கள் நாற்பது பேரும் வேப்பம்பலகையில் செய்த நீண்ட வாங்குகளில், ஒரு வாங்குக்கு ஐந்து பேராக, தோளோடு தோள் முட்ட இருந்தோம். நடுவில் இருப்பவன் எழும்ப வேண்டுமென்றால் ஓரத்தில் இருக்கும் இருவரும் எழும்பி வழி விட வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பலகையின் வழுவழுப்பு என் உள்ளங்கையில் இருக்கிறது. இந்த மலருக்கு ஏதாவது எழுதும்படி சங்கத்தினர் கேட்டபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த வாங்குதான். அதனோடு சேர்ந்து வந்தது ஓர் ஆங்கிலச் சொல்.

அன்றைய ஆங்கிலப் பாடத்தில், முதியவர் ஒருவர் 'பாங்க்' மீது இருந்து தூண்டில் போடுவதாக ஒரு வசனம் வந்தது. வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்த பாங்க், யாழ்ப்பாண நகரில் பெரிய கதவும் காவற்காரனும் உள்ள வங்கி. அதன் மேல் ஏறி ஒருவர் எப்படி மீன் பிடிப்பார் என்று நாங்கள் குழம்பினோம். வழுக்கையாற்றில் மாரி காலத்தில் ஓடும் வெள்ளத்தைத் தவிர ஆறு என்று எதையும் கண்டிராத எங்களுக்கு, ஆற்றின் கரைக்கும் அதே சொல்தான் என்பது தோன்றவே இல்லை. மாஸ்ரர் தமிழில் சொல்லும்படி கேட்டபோது, எனக்குப் பக்கத்தில் இருந்த நண்பன் எழும்பி, "கிழவர் வாங்கிலை இருந்து மீன் பிடிச்சார்" என்றான். வகுப்பே சிரித்தது. பாங்க் வேறு, பெஞ்ச் வேறு என்று விளக்கிய மாஸ்ரர், அவனை அதே வாங்கில் ஏறி நிற்கச் சொன்னார். பாடம் முடியும்வரை அவன் எங்கள் தலைகளுக்கு மேலே தலைகுனிந்து நின்றான்.

மாஸ்ரர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. ஆனால், அந்தச் சொல்லின் வேரைக் கையால் தொட்டவன் என் நண்பன் ஒருவன்தான் என்பதை நான் அறிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அவன் எண்பதுகளில் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தான்; நான் இலண்டனுக்கு வந்தேன். ஒரு நாள் இரவு தொலைபேசியில் அழைத்தவன், நலம்கூட விசாரிக்காமல், "மச்சான், இஞ்சை பாங்க் எண்டா வங்கியும்தான், வாங்கும்தான்" என்றான். பூங்காவில் இருக்கும் வாங்குக்கும் பணம் போடும் இடத்துக்கும் ஜெர்மன் மொழியில் ஒருமையில் ஒரே சொல்தான். பன்மையில்தான் இரண்டும் பிரிகின்றன: வாங்குகள் 'பெங்கெ', வங்கிகள் 'பாங்கென்'. ஒரு வேலையைக் காலவரையின்றித் தள்ளிப்போடுவதை 'நீண்ட வாங்கில் தள்ளுவது' என்றே அந்நாட்டவர் சொல்கிறார்கள். இதைச் சொல்லும்போது அவன் குரல் தழுதழுத்தது. அன்று முதல், அந்தச் சொல் எந்த வழியாக எங்கள் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது என்று தேடத் தொடங்கினேன்.

உயர்ந்த மண்திட்டு, மேடு என்ற பொருளைத் தரும் பழைய ஜெர்மானிய வேர் ஒன்றிலிருந்தே ஆற்றங்கரையைக் குறிக்கும் பாங்க், அமரும் பலகையைக் குறிக்கும் பெஞ்ச் ஆகிய இரண்டும் கிளைத்தன என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். கரையைக் குறிக்கும் வடிவம் வட ஐரோப்பியரிடமிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பெஞ்ச் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. நீதிபதிகள் அமரும் இருக்கைக்கும் நீதிமன்றத்துக்கும் இன்றும் அதுவே பெயர். பணம் தொடர்பான பொருள் மட்டும் நீண்ட சுற்றுப் பயணம் செய்து வந்தது. ஜெர்மானியரின் சொல்லை இத்தாலியர் எடுத்து 'பாங்கோ', 'பாங்கா' என்றார்கள். இத்தாலிய நகரங்களில் காசு மாற்றுவோர் சந்தையில் ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் நாணயங்களைப் பரப்பித் தொழில் செய்தார்கள். பலகையின் பெயர் தொழிலுக்கும், பின்னர் தொழில் நடந்த கட்டடத்துக்கும் ஆனது. இத்தாலியில் பள்ளி மாணவரின் மேசைக்கு இன்றும் பாங்கோ என்றே பெயர். பிரெஞ்சு வழியாக அந்தப் பணச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. 1694இல் தொடங்கிய இங்கிலாந்து வங்கியின் வாசலில் நின்று பார்த்தால், சிறிது தூரத்தில் லொம்பார்ட் தெரு தெரிகிறது. வட இத்தாலியிலிருந்து வந்து இலண்டனில் பணத்தொழில் செய்தவர்களின் நினைவாக அமைந்த பெயர் அது. இத்தனை ஆண்டுகளாக அந்தத் தெருவால் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். இப்போது நடக்கும்போதெல்லாம் எங்கள் வேப்பம்பலகை வாங்கு கண்முன் வருகிறது.

சந்தையில் வாங்கின் மேல் ஏறி நின்று பொய் மருந்து விற்றவர்களை, 'வாங்கில் ஏறு' என்று பொருள்படும் இத்தாலியத் தொடரிலிருந்து வந்த 'மவுண்ட்பாங்க்' என்ற சொல்லால் ஆங்கிலேயர் அழைத்தார்கள். என் நண்பன் வாங்கில் ஏறி நின்றது பொய் சொன்னதற்காக அன்று. அவன் சொன்னதில் மற்ற எல்லாருடைய விடையையும் விடப் பழைய உண்மை இருந்தது.

எங்கள் வாங்கு ஆங்கிலேயர் தந்ததே அல்ல. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி 1658வரை ஆண்ட போர்த்துக்கேயரின் 'பாங்கு' அது; போர்த்துக்கேய மொழியிலும் அந்த ஒரு சொல்லே இருக்கைக்கும் பணநிலையத்துக்கும் பெயர். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து ஆகியவையும் அவர்களோடு வந்து எங்கள் வீட்டுப் பொருள்களாகிவிட்டவை. அந்த அந்நிய ஒலியைத் தமிழ் நாக்கு வகரமாக்கிக்கொண்டது. பிற்காலத்தில் ஆங்கில பாங்க் வந்தபோதும் அதே முறையில் அது வங்கி ஆயிற்று. தமிழகத்தில் பழைய பத்திரிகைகள் 'பாங்கி' என்றும் எழுதின. அகப்பாடல்களில் தலைவியின் தோழிக்கு உரிய அந்தப் பெயர் பணநிலையத்துக்கும் சில காலம் பொருந்தி இருந்தது. சிங்களத்தில் இருக்கை 'பங்குவ', வங்கி 'பேங்குவ'. ஓர் உயிரொலிதான் வேறுபாடு. தமிழ் வினைச்சொல்லான வாங்குவதற்கும், பள்ளிவாசலிலிருந்து கேட்கும் வாங்குக்கும் இதனோடு உறவில்லை. பின்னது பாரசீகச் சொல்.

இந்தக் குடும்பத்தின் இன்னோர் உறுப்பினரும் எங்களிடம் உண்டு. பணம் முறிந்தவனை இலங்கைத் தமிழில் வங்குரோத்து அடைந்தவன் என்கிறோம். உடைந்த பலகை என்ற பொருளுடைய இத்தாலியத் தொடரிலிருந்து பிறந்த போர்த்துக்கேயச் சொல்லும், ஒல்லாந்தரின் 'பாங்க்ரூட்' என்பதும், ஆங்கிலச் சொல்லும் அதன் உறவுகளே. 2022 ஏப்ரலில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது, நாடு வங்குரோத்து அடைந்துவிட்டது என்ற பேச்சு எங்கும் கேட்டது. ஊரில் மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற உறவினர் தொலைபேசியில் அந்தச் சொல்லைச் சொல்லக் கேட்டபோது, உடைந்த வாங்கு ஒன்றையே என்னால் நினைக்க முடிந்தது.

இரவல் கொடுப்பதும் வாங்குவதுமாக இந்தச் சொல் இன்றும் வளர்கிறது. 1937இல் சிக்காகோவின் ஒரு பொது மருத்துவமனையில் பெர்னார்ட் ஃபாண்டஸ் என்ற மருத்துவர் தாம் அமைத்த குருதிச் சேமிப்பகத்துக்கு 'இரத்த வங்கி' என்று பெயரிட்டார். போர்க்காலத்தில் அந்தப் பெயரை எங்கள் ஊரில் அறியாதவர் இல்லை.

இலண்டனில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ் வகுப்பு ஒன்றில் நான் சில ஆண்டுகள் கற்பித்தேன். ஒரு மாணவி தன் கட்டுரையில் 'அம்மம்மா வாங்கில் இருந்தா' என்று எழுதியிருந்ததை, அது கொச்சைச் சொல் என்று ஒருவர் அடித்துத் திருத்தி, மேலே 'பெஞ்ச்' என்று எழுதியிருந்தார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. நானூறு ஆண்டுகளாக எங்கள் திண்ணைகளிலும் கோயில் மண்டபங்களிலும் பள்ளிகளிலும் புழங்கி, தமிழின் வேற்றுமை உருபுகளை எல்லாம் ஏற்றுக்கொண்ட ஒரு சொல்லை நீக்கி, அதே வேரிலிருந்து நேற்று வந்த இன்னொரு சொல்லை வைப்பது திருத்தம் ஆகாது. அந்தப் பிள்ளையின் கொப்பியில் வாங்கு என்பதை மீண்டும் எழுதிக் கொடுத்தேன். நம் சங்கம் வெளியிடும் பாடநூலிலும் அந்தச் சொல் இருக்க வேண்டும் என்று இந்த மலரின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு நம் பள்ளியின் கனிட்ட பிரிவுக்கு மேசைகளும் வாங்குகளும் செய்து கொடுப்பதற்காக நாம் நிதி சேர்த்தோம். ஜெர்மனியிலிருந்து என் நண்பனும் தன் பங்கை அனுப்பினான். ஊரில் இருந்து வந்த கணக்கு அறிக்கையில், வங்கி மூலம் பெற்ற தொகைக்குக் கீழே, பொருளாளர் தம் கையெழுத்தில் 'வாங்கு 24' என்று எழுதியிருந்தார். அந்தத் தாளின் படத்தை அன்றே நண்பனுக்கு அனுப்பி வைத்தேன்.