ஒனிட்சாச் சந்தைப் புத்தகங்கள்

நைஜீரியாவில், நைஜர் ஆற்றங்கரையிலுள்ள ஒனிட்சா நகரத்துச் சந்தையில், 1940களின் பிற்பகுதியிலிருந்து உள்நாட்டுப் போர் மூளும்வரை, மாணவர்களும் டாக்சி ஓட்டுநர்களும் சிறு வியாபாரிகளும் வாங்கிப் படித்த சின்னஞ்சிறு புத்தகங்கள் குவியல் குவியலாக விற்பனையாகின. காதல் கதை, நாடகம், கடிதம் எழுதும் முறை, பணம் சேர்க்கும் வழி என எதையும் அவை விட்டுவைக்கவில்லை. இவற்றுள் பெரும்புகழ் பெற்றது, ஒகாலி அ. ஒகாலி 1956இல் எழுதிய 'வெரோனிகா என் மகள்' நாடகம். தந்தை பார்த்துவைத்த செல்வாக்கான தலைவரை மறுத்து, தான் விரும்பிய இளைஞனையே மணப்பேன் என்று அதில் மகள் உறுதியாக நிற்கிறாள். பாம்பர் பில்லி என்னும் பாத்திரமோ வாயைத் திறந்தாலே அகராதியைக் கொட்டுகிறது.

மலிவான தாளில் அச்சாகிக் கைமாறிக் கிழிந்துபோகும் புத்தகங்களை அக்காலத்தில் சேர்த்துவைத்தவர்கள் குறைவு. 1967 முதல் 1970 வரை நடந்த, பியாஃப்ரா போர் எனப்படும் உள்நாட்டுப் போரில் அந்தச் சந்தையும் அழிந்தது.

அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழக நூலகம் தன்னிடமுள்ள பிரதிகள் சிலவற்றை முழுமையாக ஸ்கேன் செய்து, எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. அச்சுப்பிழைகளைத் திருத்தாமல் பக்கங்களை அப்படியே காட்டியிருப்பது மிகச் சரியான முடிவு என்பேன்; திருத்தியிருந்தால், எழுத்துக் கோப்பவரின் அவசரமும் சிற்றச்சகத்தின் வாசனையும் மறைந்திருக்கும். காகிதப் பிரதி கடல் கடந்து இருந்தாலும், ஒனிட்சாவில் இன்று படிக்கும் ஒரு மாணவி தன் ஊரின் எழுத்தைத் தன் கைபேசியிலேயே திறந்து படிக்கலாம் என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.