கொஞ்சம் நிறமா

"கொஞ்சம் நிறமாப் போட்டுருங்க சார்."

உருவப்படம் வரையும் தொழிலில் இருபத்தைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். இதைக் கேட்காத மாதம் கிடையாது. இறந்துபோன அப்பா, பாட்டி என்று யாருடைய போட்டோவைக் கொண்டு வந்தாலும், முன்பணத்தை நீட்டும்போது குரலைத் தாழ்த்திச் சொல்லிவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படியே போட்டுக் கொடுத்தேன். வெள்ளையைக் கூட்டி, கன்னத்தில் லேசாகச் சிவப்பைத் தொட்டுவைத்தால் வீட்டாருக்குத் திருப்தி. எந்தெந்த வீட்டுச் சுவரிலோ மாலையோடு தொங்கும் அந்த முகங்களை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

படித்தது சென்னை எழும்பூர் ஓவியக் கல்லூரியில். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்தது. பிளாஸ்டர் சிலைகளைச் சார்கோலால் மாதக்கணக்கில் வரைந்து கை படிந்த பிறகுதான் எண்ணெய் வண்ணத்தைத் தொட்டேன். அந்தப் பயிற்சிக்கு என்றைக்கும் கடன்பட்டவன். ஆனால் வெளிச்சம் எப்படி விழும் என்பதை என் கண் வெள்ளைச் சிலையின் மேல்தான் கற்றது. புத்தகங்களில் இருந்த தோல் நிறக் கலவையும் ஐரோப்பிய முகங்களுக்கானது. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் வெள்ளை, ஆக்கர் என்ற மண் மஞ்சள், வெர்மிலியன் என்ற சிவப்பு, கறுப்பு என்று நாலே வண்ணத்தில் முகம் கொண்டுவந்தார். அதே கலவையை என் அப்பாவின் முகத்துக்குப் போட்டுப் பார்த்தேன். சாம்பல் பூசியதுபோல் வந்தது.

வழி காட்டியது ஒரு நூலகப் புத்தகத்தில் பார்த்த படம். ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1650இல் ரோம் நகரத்தில் வரைந்த ஹுவான் தெ பரேஹா என்பவரின் உருவப்படம். தன் பட்டறையிலேயே அடிமையாக வேலை பார்த்தவரை வரைந்திருக்கிறார். இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேரே நம்மைப் பார்க்கும் அந்தக் கண்ணில் துளி கூச்சமில்லை. அந்தக் கறுத்த நெற்றியின் பளபளப்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சொந்தமாகத் தேடியதுதான். கறுத்த முகத்தை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பாருங்கள். நெற்றி மேட்டிலும் மூக்குத் தண்டிலும் விழும் ஒளியில் ஒரு நீலம் இருக்கும். வானம்தான் அங்கே தெரிகிறது. ஒளியும் நிழலும் சேரும் இடத்தில் செங்கல் சூடு. நிழலுக்குள் கறுப்பு வண்ணத்தைக் கலந்தால் முகம் செத்துவிடும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் சேர்த்தால் நிழல் மூச்சு விடும். இது பிடிபட எனக்கு ஆறேழு வருடம் ஆனது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கொத்தனார் வந்தார். கையில் அவருடைய அம்மாவின் பாஸ்போர்ட் அளவுப் போட்டோ, கறுப்பு வெள்ளை. "அம்மா நல்ல கறுப்பு சார். கொஞ்சம் நிறமாப் போட்டுருங்க."

"அம்மா சாயல்ல வீட்டுல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன்.

மறுநாள் அக்காவை அழைத்து வந்தார். பூ கட்டி விற்கிறவர். மூன்று காலை வேளைகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார், மடியில் பூக்கூடையோடு. கை பாட்டுக்குத் தொடுத்துக்கொண்டே இருந்தது. போட்டோவிலிருந்து முக அமைப்பை எடுத்தேன், நிறத்தை அவரிடமிருந்து. வெள்ளையைக் கூட்டவில்லை. பணம் வராமல் போனாலும் போகட்டும் என்று துணிந்துவிட்டேன்.

படத்தைப் பார்த்துத் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான் கிட்டே போய் நின்றார்.

"நடவு முடிச்சு வந்து திண்ணையில உக்காருமே, அப்படியே இருக்குடா."

தம்பி தலையை மட்டும் ஆட்டினார். மீதிப் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, படத்தைப் போர்வையில் சுற்றி எடுத்துப் போனார்.

எண்ணெய் வண்ணம் மேலுக்குக் காய்ந்தாலும் உள்ளே காய நாளாகும். ஆறு மாதம் கழித்துத்தான் வார்னிஷ் அடிப்பது வழக்கம். அதற்காக அவர் வீட்டுக்குப் போனேன். படத்தின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். வண்ணம் சரியாகக் காயுமுன்பே வைத்திருக்க வேண்டும், குங்குமம் உள்ளே இறங்கியிருந்தது. டர்பன்டைன் தொட்டுத் துடைக்கத் துணியை எடுத்தேன். அக்கா அடுப்படி வாசலில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துணியை மடித்துப் பையில் வைத்துவிட்டு, பொட்டைச் சேர்த்தே வார்னிஷ் அடித்தேன்.