பிராங்குக்கு எத்தனை ரூபாய்?

2008 கடைசியில் நான் பாசலுக்கு வந்தபோது ஒரு சுவிஸ் பிராங் நூறு இலங்கை ரூபாய்க்கு முன்னும் பின்னுமாக நின்றது. பெருக்குவது சுலபம், விலையோடு இரண்டு பூச்சியம் சேர்த்தால் சரி. நாலு பிராங் கோப்பி நானூறு ரூபாய். நாற்பது பிராங்குக்கு முடி வெட்டினால் நாலாயிரம். இந்தக் கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டு இங்கே ஒன்றும் வாங்க ஏலாது. ஒழுங்கான குளிர்ச்சட்டை இல்லாமலே முதல் மாரியைக் கழித்த பெடியன்கள் எங்களோடு இருந்தார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்குக் கட்ட ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது வேறு எப்படித்தான் யோசிப்பது?

பெரியப்பா 1985இல் வந்தவர். உணவகக் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி அங்கேயே சமையலுக்கு உயர்ந்தவர். அவரிடம் சதுரக் கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று இருக்கிறது. ஊருக்கு அனுப்பிய காசு முழுக்க அதில் உண்டு: திகதி, பிராங், ரேட், ரூபாய், என்னத்துக்கு. வங்கியால் போனது நீல மையில், உண்டியலால் போனது சிவப்பில். சண்டைக் காலப் பக்கங்கள் பெரும்பாலும் சிவப்பு. பாதையும் வங்கியும் பூட்டிக் கிடந்த நாட்களில், இங்கே ஒருவரிடம் பிராங்கைக் கொடுத்தால் அங்கே இன்னொருவர் ரூபாயை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். சட்டம் அதை ஏற்காது. ஆனால் அம்மம்மாவின் மருந்து அப்படித்தான் வந்தது.

முதல் பக்கத்தில் ரேட் பதினொன்று. 1990இல் 29 அளவில், 1995இல் 43. பிறகு ஒரு புதினம்: 2000ஆம் ஆண்டுப் பக்கத்திலும் ரேட் 45தான். ரூபாய் விழாமல் நின்றதா என்று கேட்டேன். "இல்லைத் தம்பி, ரெண்டும் சேர்ந்து விழுந்தது" என்றார். அந்த ஐந்து வருடத்தில் டொலர் 51 ரூபாயிலிருந்து 77க்குப் போனது. அதே நேரம் டொலருக்கு எதிராகப் பிராங்கும் இறங்கியது. ஒரு டொலர் 1.18 பிராங்காக இருந்து 1.69 ஆனது. நாங்கள் பார்க்கும் ரேட்டில் கொழும்பின் பாதியும் சூரிச்சின் பாதியும் இருக்கிறது. ஒன்றை மட்டும் பார்த்துக் கதைப்பவர்களை நம்பாதீர்கள். 2005இல் 80, 2010இல் 108 என்று அதற்குப் பிறகு ஏறியது நின்றபாடில்லை.

சூரிச்சின் பாதி என்னவென்று எனக்கு விளங்கியது 2015 ஜனவரி 15, வியாழக்கிழமை. ஒரு யூரோவை 1.20 பிராங்குக்குக் கீழே விடமாட்டோம் என்று 2011 செப்டம்பரிலிருந்து பிடித்துவைத்திருந்த சுவிஸ் தேசிய வங்கி, அன்று காலை அந்தப் பிடியை விட்டது. கொஞ்ச நேரத்திலேயே யூரோவும் பிராங்கும் ஏறக்குறையச் சமம். எங்கள் ஊர் எட்டாம் இலக்க டிராம் ஒரு மாதத்துக்கு முன்னர்தான் எல்லை தாண்டி ஜெர்மனியின் வைல் அம் ரைன் வரை ஓடத் தொடங்கியிருந்தது. அந்தச் சனிக்கிழமை அதில் நிற்க இடமில்லை. நூறு யூரோச் சாமானுக்கு முந்தின கிழமை 120 பிராங் கொடுத்தவர்கள் நூற்றுச் சொச்சம் மட்டும் கொடுத்துத் திரும்பினார்கள். பாரிசில் இருக்கும் என் மச்சானுக்கோ அதே நாளில் சம்பளம் பிராங் கணக்கில் சுருங்கிவிட்டது. நான் வேலை செய்த உணவகத்தின் முதலாளியும் முகம் வாடினார். ஜெர்மன்காரர் இந்த விலைக்கு இனி எல்லை தாண்டிச் சாப்பிட வருவார்களா என்ற கவலை அவருக்கு.

2022ஐப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும். 2021இன் பெரும்பகுதியில் இலங்கை மத்திய வங்கி டொலரை 200 ரூபாய் அளவில் கட்டிவைத்திருந்தது. உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார்கள். வங்கியால் அனுப்பினால் டொலருக்குப் பத்து ரூபாய் மேலதிகமாகத் தருகிறோம் என்று டிசம்பரில் அறிவித்தும் எங்கள் ஆட்கள் அசையவில்லை. 2022 மார்ச் 7இல் கட்டு அவிழ்ந்தது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று அரசு அறிவித்தது. மே மாதம் டொலர் 360ஐத் தொட்டது. ஜனவரியில் 220 அளவில் இருந்த பிராங் ஜூன் முடிவில் 375க்கு வந்துவிட்டது.

இங்கே சிலர் அதைக் கொண்டாடினார்கள். எனக்கு அந்தச் சந்தோஷம் இன்றைக்கும் பிடிபடவில்லை. கணக்கைப் பாருங்கள்: ஜனவரியில் நூறு பிராங் அனுப்பினால் 22,000 ரூபாய். பெட்ரோல் லீற்றர் 177. 124 லீற்றர் வாங்கலாம். ஜூன் கடைசியில் அதே நூறு பிராங் 37,500 ரூபாய். பெட்ரோல் 470, 80 லீற்றர்கூட வராது. அதுவும் வரிசையில் நின்று, இருந்தால்தான். அம்மா அந்தக் கிழமை தொலைபேசியில் சொன்னது: "காசு கூட வருது ராசா, சாமான் குறையத்தான் வருது." நான் அனுப்பும் பிராங்கைக் கூட்டினேன். அதற்காக இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் குசினியில் நின்றேன்.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் கிடைத்ததும் ரூபாய் கொஞ்சம் நிமிர்ந்தது. விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2025இல் ரூபாய் டொலருக்கு 300 சொச்சத்திலேயே நிற்க, பிராங் பலமாகி மறுபடி 370ஐத் தாண்டியது. 2022இல் பயந்து பார்த்த அதே எண்தான், ஆனால் இந்த முறை காரணம் வேறு பக்கத்தில்.

புதிதாக வரும் பெடியன்கள் "இண்டைக்கு எவ்வளவு போகுது?" என்று கேட்டால் இப்போது நான் முதலில் வாடகையையும் மருத்துவக் காப்புறுதியையும் கேட்கிறேன். அவை பிராங்கில்தான் போகும், அவற்றை நூறாலோ முந்நூற்றெழுபதாலோ பெருக்கி ஒரு பிரயோசனமும் இல்லை. ஊருக்கு ரேட் பார்த்து அனுப்புவதையும் விட்டுவிட்டேன். தங்கச்சி என்ன தேவை என்று எழுதி அனுப்புவாள், அதற்கு எத்தனை பிராங் வேண்டுமோ அத்தனை. போன மாதம் அவளின் மகனின் ஏ.எல். ரியூசன் காசும், கிணற்று மோட்டர் திருத்தமும். எடுத்துவைத்ததில் மிஞ்சியதை என் பல் வைத்தியருக்குக் கட்டினேன். இங்கே அடிப்படைக் காப்புறுதியில் பல்லு வராது.