பயந்த சுபாவமுள்ள எங்கள் சிப்பிப்பாறைக்கு நாய்க்கதவு பழக்கிய அனுபவம்

எங்கள் பவளம் சிப்பிப்பாறை இன நாய். செவலை நிறம், தோள் உயரம் 60 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஒல்லி உடம்பு. வேறொரு வீட்டில் வளர்ந்து, அவர்கள் ஊர் மாறியபோது எங்களிடம் வந்தவள். வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட இனம், முயலைத் துரத்திப் பிடிக்கக்கூடியது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இவளுக்கு முற்றத்தில் புதிதாக ஒரு வாளி இருந்தாலே போதும், நின்று பார்த்துவிட்டு ஓரமாகச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

நாய்க்கதவு என்பது கதவின் அடியில் நாய் தானாகப் போய்வருவதற்கு விடும் சின்ன வழி. அதைப் போட முடிவு செய்ததற்குக் காரணம் அம்மாவின் முழங்கால். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பகல் முழுக்க வீட்டில் அம்மாவும் பவளமும்தான். வீட்டுக்குள் ஒரு சொட்டு சிறுநீர் விடமாட்டாள், அவ்வளவு சுத்தம். அதனால் ஒவ்வொரு தடவையும் அம்மா எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் திறந்துவிட வேண்டும், திரும்ப உள்ளே விடுவதற்கு இன்னொரு முறை எழ வேண்டும். குரைத்துக் கூப்பிடவும் தெரியாது. கதவுப் பக்கம் போய் நின்றபடி அம்மாவைப் பார்ப்பாள், அம்மா கண் அசந்துவிட்டால் அப்படியே அடக்கிக்கொண்டு நிற்பாள். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

முதலில் அளவு. விற்பனைக்கு வரும் நாய்க்கதவுகளைப் பெரும்பாலும் எடை வைத்துத்தான் பிரிக்கிறார்கள், இத்தனை கிலோ வரை சின்னது, இத்தனை கிலோ வரை நடுத்தரம் என்று. சிப்பிப்பாறை, கன்னி இனங்கள் மாதிரி உயரமும் ஒல்லியுமான நாய் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்தக் கணக்கை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எடைப்படி பவளம் நடுத்தரம். அந்தக் கதவில் அவள் நுழைந்துவிடுவாள்தான், ஆனால் முதுகை வளைத்துக் குனிந்து, நெஞ்சு கீழ்ச்சட்டத்தில் உரச நுழைய வேண்டியிருக்கும். பயந்த நாய்க்கு ஒரு தடவை அப்படி நடந்தால் போதும், அடுத்த தடவை கிட்டே வராது. அவளைச் சுவரோரம் நிற்கவைத்துத் தோளுக்கு நேரே பென்சில் கோடு போட்டு, அதற்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் விட்டுத் துளையின் மேல்விளிம்பை வைத்தோம். இந்த இனத்துக்கு நெஞ்சு ஆழமாக இறங்கியிருக்கும், அதனால் கீழ்விளிம்பு குதிக்கத் தேவையில்லாமல் காலைத் தூக்கிவைத்தே கடக்கிற உயரத்தில் இருக்க வேண்டும்.

ஆசாரி வந்து கதவை அறுத்த அன்று வீட்டுக்காரர் பவளத்தை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த மிஷின் சத்தமும் கதவும் அவள் மனசில் ஒன்றாகச் சேர்ந்துவிடக் கூடாது. மரத்தூளைக் கூட்டித் துடைத்து, அறுத்த விளிம்பில் ரப்பர் ஒட்டிய பிறகுதான் உள்ளே வந்தாள். ஓட்டையை மூடித் தொங்கும் ஃப்ளாப்பை மாட்டவே இல்லை. வெறும் ஓட்டைதான்.

அதற்கே பயந்தாள். ஈரல் துண்டைக் காட்டினால் கழுத்து மட்டும் நீளும், முன்னங்கால் ஒன்று வரும், பின்னங்கால் இரண்டும் ஆணி அடித்த மாதிரி நிற்கும். காது பின்னால் படிந்திருக்கும். மூக்கை நக்கிக்கொள்வாள், கொட்டாவி விடுவாள். தூக்க நேரம் இல்லாதபோது நாய் கொட்டாவி விட்டால் அது பெரும்பாலும் பதற்றம்தான். கழுத்தை நீட்டித் தின்கிற வரைக்கும் அடுத்த கட்டம் கிடையாது, நான்கு காலும் தானாக நகர்ந்து வந்தால்தான் உண்டு என்று வைத்துக்கொண்டேன். ஈரல் என்பது உப்பு போடாமல் வேகவைத்த கோழி ஈரல், கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கியது. வெங்காயம் நாய்க்கு ஆகாது, அதனால் நம் குழம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது. அந்தக் கதவடியில் தவிர வேறு எங்கேயும் எந்த நேரத்திலும் ஈரல் கிடைக்காது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தேன்.

அம்மாவுக்குப் பொறுமை இல்லை. "எத்தனை நாளைக்கும்மா இப்படி ஈரலை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்ப? பின்னால இருந்து லேசா ஒரு தள்ளு தள்ளுனா போயிரும்ல." தள்ளினால் போயிருப்பாள், ஒரே ஒரு தடவை. அதற்கப்புறம் கதவையும் நம்பமாட்டாள், பின்னால் நிற்கிற என்னையும் நம்பமாட்டாள். நிறைய வீடுகளில் நாய்க்கதவு சும்மா கிடப்பதற்கு இந்தத் தள்ளல்தான் காரணம் என்பது என் எண்ணம்.

பழக்கப் பழக்க எனக்குப் புரிந்தது, "கதவுக்குப் பயப்படுகிறாள்" என்று சொல்வதில் பயனே இல்லை. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாதது ஒரு பயம், முதுகில் ஏதோ உரசுவது ஒரு பயம், சத்தம் ஒரு பயம். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் எல்லாமே தீர்கிற விஷயம். மூன்றையும் ஒரே சமயத்தில் அவள் தலையில் ஏற்றினால்தான் சிக்கல்.

வெளியே போகப் பழகியவள் உள்ளே வர மறுத்தாள். நமக்கு அது ஒரே கதவு, நாய்க்கு அது இரண்டு வேறு வேலை. கொல்லைப்பக்கம் நின்று அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். சமையலறைத் தரையைவிட வெளித்தரை ஒரு படி தாழ்வு, ஆக உள்ளிருந்து சரியாக இருக்கும் விளிம்பு வெளியிலிருந்து நெஞ்சில் இடிக்கிறது. போதாததற்கு, வெயிலில் நின்று பார்த்தால் ஓட்டைக்குள் ஒரே இருட்டு. செங்கல் அடுக்கி மேலே ஒரு கடப்பாக்கல் பலகையை ஆடாமல் பதித்தோம், பகலிலும் சமையலறை டியூப்லைட்டைப் போட்டுவைத்தோம். அன்று சாயங்காலமே உள்ளே வந்தாள்.

அப்புறம் உரசல். ஓட்டையின் மேல்விளிம்பில் அவள் படுக்கும் பழைய துண்டைக் கொஞ்சமாகத் தொங்கவிட்டோம், காதைத் தொடுகிற அளவுக்கு மட்டும். அவள் வாசனையே அதில் இருந்ததால் சீக்கிரம் ஏற்றுக்கொண்டாள். துண்டு தினம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முழுசாக இறங்கி ஓட்டையை மறைத்தபோது ஒரு நாள் நின்றுவிட்டாள். நான் வெளியே உட்கார்ந்து துண்டின் ஓரத்தை விலக்கி முகத்தைக் காட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், மூக்கால் விலக்கிக்கொண்டு வந்தாள். தானாக மூக்கை வைத்துத் தள்ளியது அதுதான் முதல் தடவை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்ததாக ஏசி கடைகளில் தொங்குமே, கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் பட்டை, அதில் இரண்டு. கனம் பழக வேண்டும், அந்தப் பக்கமும் தெரிய வேண்டும், இரண்டுக்கும் அது நல்ல வழி.

கடைசியில்தான் நிஜ ஃப்ளாப். அதை ஒரு கயிற்றால் மேலே தூக்கிக் கட்டி, துண்டை இறக்கியது போலவே இதையும் இறக்கினோம். இதன் அடியில் காந்தம் இருக்கிறது, காற்றுக்குத் திறக்காமல் இருக்க. ஒவ்வொரு தடவையும் மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம், அதுவும் சரியாக அவள் வால் தாண்டும் நேரத்தில். காந்தத்தின் மேல் ஸ்பாஞ்ச் டேப் ஒட்டினோம், சத்தம் போனது. இருந்தாலும் ஃப்ளாப் அசைந்தாலே காதை மடக்கினாள். நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும் என்பது நினைவுக்கு வந்து, எங்களுக்குக் கேட்காத கிறீச்சொலி ஏதாவது இருக்கலாம் என்று கீலில் எண்ணெய் விட்டோம். அதுதான் காரணமா, பழக்கம்தானா, பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பின் காதை மடக்குவது குறைந்தது. ஸ்பாஞ்ச் டேப்பைச் சில வாரம் கழித்து மெல்ல மெல்ல வெட்டி எடுத்துவிட்டோம்.

தீபாவளிக்கு நாய்க்கதவைப் பூட்டிவிட வேண்டும், இதை எல்லோரும் செய்யுங்கள். வெடிக்குப் பயந்த நாய் வெளியே ஓடிவிட்டால் காம்பவுண்டு சுவரெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை. வெடிச்சத்தமெல்லாம் ஓய்ந்தபின் திறந்தபோது பவளம் மறுபடி தயங்கினாள். ஃப்ளாப்பைத் தூக்கிக் கட்டித் துண்டிலிருந்தே ஆரம்பித்தோம், இந்த முறை வேகமாக வந்துவிட்டாள்.

ராத்திரியிலும் நாய்க்கதவில் ஒரு பலகையைச் செருகி அடைத்துவிடுவோம், கொல்லையில் பாம்பு நடமாட்டம் உண்டு. இதில் ஒரு ஆபத்து, அடைத்திருப்பது தெரியாமல் நாய் வழக்கம்போல வந்து மூக்கை இடித்துக்கொண்டால் இத்தனை நாள் சேர்த்த நம்பிக்கை அங்கேயே போய்விடும். அதனால் பலகை போடும்போதெல்லாம் முன்னால் ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூலை வைக்கிறோம். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். ஸ்டூல் இருந்தால் வழி இல்லை என்பதைக் கதவைவிட வெகு சீக்கிரமாகப் படித்துக்கொண்டாள்.