அறை தேடிய ஆகஸ்ட்

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

அண்ணன் மகள், எங்கள் பாப்பா, சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்து இறங்கிவிட்டாள். கிளானா ஜெயாவில் ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மாலை ஷிப்ட் முடிய இரவு 11 மணி ஆகும். கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டிலிருந்து போய்வருவது ஆகாத காரியம். மஸ்ஜித் ஜாமேக்கில் ரயில் மாறி வீடு வந்து சேர்வதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும். வேலையிடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக் கொடுக்கச் சொல்லி அண்ணன் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு இருவரும் போனில் விளம்பரங்களைப் பார்த்தோம். வாடகை எவ்வளவு, ஏர்கோன் உண்டா, துணி துவைக்கும் இயந்திரம் உண்டா என்ற விவரங்களுக்கு நடுவே, அதே எழுத்தில், அதே அளவில் 'சைனீஸ் ஒன்லி' என்று போட்டிருக்கிறார்கள். இன்னொன்றில் 'மலாய் பெண்களுக்கு மட்டும்'. சிலர் சுற்றி வளைக்காமல் 'நோ இந்தியன்' என்றே எழுதிவிட்டார்கள்.

"இதையெல்லாம் படிக்காதீங்க அத்தை, நேரம் வீணு" என்று சொல்லிவிட்டுப் பாப்பா விரலால் தள்ளிக்கொண்டே போனாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த வயதுப் பெண் இதற்குப் பழகிப்போயிருக்கிறாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

பாப்பா சீனப் பள்ளியில் படித்தவள். மாண்டரின் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இனம் எதுவும் போடாத ஒரு விளம்பரத்தைப் பார்த்து நேற்று ஏஜெண்டைக் கூப்பிட்டாள். அவர் மாண்டரினில் பேச, இவளும் மாண்டரினிலேயே பேசினாள். ஒரே சிரிப்பும் பேச்சுமாகப் போனது. நாளைக்கே வாருங்கள், ஓனர் நல்ல மனிதர், டெபாசிட்டைக்கூடக் குறைத்துப் பேசித் தருகிறேன் என்றாராம்.

இன்று சாயங்காலம் போனோம். லிப்ட் அருகில் நின்ற அந்த இளைஞர் எங்களைத் தாண்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா போய் வணக்கம் சொல்லிப் பேச ஆரம்பித்த பிறகுதான் அவர் பார்வை அவள் மேல் வந்தது. முகம் ஒரு கணம் மாறி, உடனே சரியாகிவிட்டது. மரியாதைக்குறைவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாடிக்கு அழைத்துப் போனார். கதவு முன்னால் வந்ததும் சாவிக்கொத்தை விரலில் மாட்டியபடியே நின்றார். சாவி பூட்டுக்குள் போகவே இல்லை. "ஒரு நிமிஷம்" என்று தள்ளிப்போய் ஓனரைக் கூப்பிட்டார்.

நடைபாதை சின்னது, பேசியது கேட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, அவளுக்கு எல்லாமே புரிந்தது. "இந்தியப் பெண். இல்லை, போனில் தெரியவில்லை. நான் எப்படிக் கேட்பது?" என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து, இப்போதுதான் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாராம், மன்னிக்க வேண்டும் என்றார். எங்களுக்காக லிப்ட் பொத்தானை அழுத்திவிட்டு, கதவு மூடும்வரை நின்றார். பாப்பா மாண்டரினிலேயே நன்றி சொன்னாள்.

"நான் தமிழ்ப் பள்ளியில படிச்சிருந்தா இன்னிக்கு நிம்மதியா இருந்திருப்பேன் அத்தை" என்றாள் கீழே வந்ததும்.

ஒருவர் மொழியை இன்னொருவர் கற்றுக்கொண்டால் இனங்கள் நெருங்கும் என்று எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்! இந்தப் பிள்ளை கற்றுக்கொண்டாள். கற்றதற்குக் கிடைத்தது, தன்னை ஒதுக்கும் பேச்சைத் தானே காதால் கேட்கும் கொடுமை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ராவாங்கில் மாமா வீட்டுப் பக்கத்துக் கோயிலில் ஆடிக் கூழ். பாப்பாவின் கதையைக் கேட்டு மாமா கொதித்துப் போனார். "நாம கட்டின ரயில் ரோடு, நாம பால் வெட்டின ரப்பர் மரம், நமக்கே ரூம் இல்லையா?" என்று கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினார். சுற்றி இருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் பேச்சு அவருடைய கடைவீட்டு மேல்மாடிக்குத் திரும்பியது. ரொம்ப நாளாகக் காலியாகக் கிடக்கிறதாம். "பங்களாதேஷ் ஆளுங்கதான் கேக்குறானுங்க. விளம்பரத்துலயே போட்டுட்டேன், ஃபாரினர் வேணாம்னு. சமையல் வாடை தாங்காதும்மா. ஒருத்தன் எடுத்தா பத்துப் பேரு படுப்பானுங்க."

மசாலா வாடை, எண்ணெய்ப் புகை, ஆள் கூட்டம். நம்மைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் காரணங்கள் ஒன்று விடாமல் அவர் வாயிலிருந்து வந்தன. "தாத்தா கப்பல்ல வந்து இறங்கினப்போ தோட்டத்து லயத்துல ஒரு அறையில எத்தனை பேர் படுத்தாங்க மாமா?" என்று கேட்டேன். "அது வேற காலம்மா" என்றார். வேறு காலம் இல்லை. அதே மாதிரி ஒப்பந்தம், அதே மாதிரி ஊரில் கடன், அதே மாதிரி பத்துப் பேருக்கு ஓர் அறை. வந்தவர்கள்தான் வேறு.

இதற்குள் மாமாவின் மனைவி பாப்பாவின் கல்யாணப் பேச்சை எடுத்து, அண்ணியிடம் மெதுவாக, "மாப்பிள்ளை பாக்கும்போது என்ன ஆளுங்கன்னு விசாரிச்சுக்கோ" என்றார். கடல் தாண்டி நான்காம் தலைமுறை ஆகியும் அந்தக் கேள்வி நம்மைவிட்டுப் போகவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

பட்டர்வொர்த் தோழி கூப்பிட்டாள். கெப்பாலா பத்தாஸில் ஒரு வன்பொருள் கடையில் தேசியக் கொடி தலைகீழாகத் தொங்கிய வீடியோதான் அங்கே எல்லாருக்கும் பேச்சாம். கடைக்காரர் சீனர். கொடியைவிட அவர் இனம்தான் அதிகம் பேசப்படுகிறது.

என்னை ஆறுதல்படுத்த நினைத்து, "பினாங்குல தைப்பூசத்துக்கு ரத ஊர்வலத்துல சீனங்க மலை மலையா தேங்காய் உடைக்கிறத நீ பாத்ததில்லையா?" என்றாள். பார்த்திருக்கிறேன், கண் கலங்கியும் இருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் வருடத்தில் ஒரு நாள் முருகனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, மறுநாள் முருகனின் பிள்ளைக்கு வீடு இல்லை என்று சொல்ல ஒரே மனிதரால் முடியும். திருவிழா ஒற்றுமையைக் காட்டிக் காட்டியே அன்றாட ஒதுக்கலை நாம் பேசாமல் விட்டுவிடுகிறோம்.

ஆகஸ்ட் 16, சனி

வழக்கறிஞராக இருக்கும் பழைய பள்ளித்தோழரிடம் கேட்டேன், இதற்குச் சட்டமே இல்லையா என்று. பொறுமையாக விளக்கினார்.

கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது விதி எல்லாரும் சட்டத்தின்முன் சமம் என்கிறது. சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டிப் பாகுபாடு கூடாது என்கிறது. 2001-இல் பாலினமும் அதில் சேர்ந்தது. ஆனால் அது அரசையும் அரசு அமைப்புகளையும் கட்டுப்படுத்தும் விதி. கர்ப்பமானதால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில், தனியார் செய்ததற்கு இந்த விதியைக் கொண்டு நியாயம் கேட்க முடியாது என்று 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் வீட்டு ஓனர் 'நோ இந்தியன்' என்று போட்டால் அரசியலமைப்பால் அவரைத் தொட முடியாது. வாடகைக் குடியிருப்புக்கென்று தனிச் சட்டம் வரும் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இனப்பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கை 1965-இலேயே வந்தது. மலேசியா அதை ஏற்கப் போவதாக 2018-இல் ஒரு நம்பிக்கை பிறந்தது. அரசியலமைப்பின் 153-ஆவது விதியில் மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் உள்ள சிறப்புரிமை பறிபோய்விடும் என்று எதிர்ப்புக் கிளம்ப, அந்த நவம்பரிலேயே அரசாங்கம் பின்வாங்கியது. டிசம்பர் 8-ஆம் தேதி மெர்டேக்கா சதுக்கத்தில் பெரிய பேரணியும் நடந்தது. சமத்துவம் என்றாலே தங்களிடமிருந்து எதையோ பிடுங்குவது என்று ஒரு பெருங்கூட்டத்தை நம்பவைத்துவிட்டார்கள். அந்தப் பயத்தை யாராவது உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கலாம். அரசியல்வாதிகளுக்கு அது தீராமல் இருப்பதே வசதி.

ஆகஸ்ட் 20, புதன்

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி மலாய்க்காரர். பல வருடப் பழக்கம். நோன்புப் பெருநாளுக்கு அவள் வீட்டு ரெண்டாங் எனக்கு வராமல் இருந்ததில்லை, என் வீட்டு முறுக்கு அவள் பிள்ளைகளுக்குப் போகாமல் இருந்ததில்லை. இன்று குழுவில் அவள் ஒரு வீடியோவைத் தள்ளிவிட்டிருந்தாள். இந்தியர்கள் கண்ட இடத்திலெல்லாம் சட்டவிரோதமாகக் கோயில் கட்டி, பிறகு நிலத்துக்குச் சண்டை போடுகிறார்கள் என்று ஒருவர் ஆவேசமாகப் பேசுகிறார்.

மதியம் அவளை ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கம் சாப்பிட அழைத்துப்போய், தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயிலைக் காட்டினேன். 130 வருடத்துக்கும் மேற்பட்ட கோயில். அந்த நிலத்தை மாநகர மன்றம் 2014-இல் ஒரு ஜவுளி நிறுவனத்துக்கு விற்றது. அங்கே பள்ளிவாசல் எழுப்பும் திட்டம் வந்தபோது, இந்த மார்ச்சில்தான் நாடே அதைப் பற்றிச் சண்டை போட்டது. கடைசியில் கோயிலுக்கு 50 மீட்டர் தள்ளி வேறு இடம் என்று முடிவானது. "நிலம் கைமாறுவதற்கு நூறு வருஷத்துக்கு மேலயே அம்மன் இந்தப் பக்கத்துல இருந்தாங்க. அப்ப யார் யாருடைய இடத்துக்கு வந்தது?" என்று கேட்டேன்.

தோட்டத்துக் கோயில்களின் கதையையும் சொன்னேன். வெள்ளைக்காரத் துரை காலத்தில் லயத்து ஓரமாகப் பாட்டன்மார்கள் ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டார்கள். துரை வாயால் சம்மதித்தார். பட்டா என்று ஒன்றை யாரும் எழுதித் தரவில்லை. தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதி ஆனதும் லயம் போனது, ஆட்கள் போனார்கள், கோயில் மட்டும் அடுத்தவர் நிலத்தில் நின்றது. ஒரே நாளில் அது சட்டவிரோதமாகிவிட்டது. 2007 அக்டோபரில் பாடாங் ஜாவா மாரியம்மன் கோயிலைத் தீபாவளிக்குச் சில நாட்களே இருந்தபோது உடைத்தார்கள். அடுத்த மாதம் 25-ஆம் தேதி கோலாலம்பூர் வீதிகளில் உரிமை கேட்டு நம் ஜனங்கள் திரண்டதற்கு அந்தக் காயமும் ஒரு காரணம். 2018-இல் சீஃபீல்டு கோயில் நிலத் தகராறு கலவரமாகி, முகமட் அடிப் என்ற தீயணைப்பு வீரர் படுகாயம் அடைந்து டிசம்பரில் இறந்துபோனார். 24 வயது, கல்யாணம் நிச்சயமான பையன். அவன் தாய்க்கும் நமக்கும் நடுவில் இனத்தைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களை மன்னிக்கவே முடியாது.

முழுவதும் கேட்டாள். "இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லலை. ஆனா நான் உன்னைச் சொல்லலையே, நீ மத்த இந்தியங்க மாதிரி இல்லை" என்றாள். அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு அதுதான் வலித்தது. வீடியோ இன்னும் குழுவில் இருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அறை கிடைத்தது, கைவிட்டும் போனது.

பாப்பாவின் வேலையிடத்துக் காவலாளி சொல்லி, தாமான் மேடானில் நாசி லெமாக் விற்கும் ஒரு மலாய் அக்கா வீட்டுக்குப் போனோம். மகள் கல்யாணமாகி ஜோகூர் போய்விட்டதால் அறை காலி. சமையலறையில் பன்றி இறைச்சி கூடாது, ராத்திரி தாமதமானால் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், கேட்டைப் பூட்டாமல் வைத்திருப்பேன். அவ்வளவுதான் அவர் கேட்டது. சாமி படம் வைத்துக்கொள்ளலாமா என்று பாப்பா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உன் அறை, உன் சாமி. ஊதுபத்தி மட்டும் திரைச்சீலையில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்" என்று மகளின் பழைய மேசையை ஜன்னலிலிருந்து தள்ளிப்போட்டுக் காட்டினார்.

அண்ணனுக்குப் போன் போட்டதும் எல்லாம் கவிழ்ந்தது. "தாமான் மேடானா? வேணவே வேணாம்."

2001 மார்ச்சில் அதே பகுதியில் நடந்த கம்போங் மேடான் இனக் கலவரத்தில் 6 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். அப்போது அண்ணன் அந்தப் பக்கத் தொழிற்சாலையில் வேலை செய்தார். கூட வேலை செய்தவருக்குத் தோளில் வெட்டு. வெளியே வரப் பயந்து இவர்கள் தொழிற்சாலைக்குள்ளேயே படுத்துக் கிடந்தார்கள். அந்தப் பயத்தை நான் இனவாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அக்கா யாரையும் வெட்டவில்லை. எப்போதோ ஓர் இந்தியர் வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போனதற்காக அந்தச் சீன ஓனர் பாப்பாவைத் தண்டித்திருக்கலாம். அண்ணன் இந்த அக்காவைத் தண்டிக்கிறார். எல்லார் கையிலும் ஒரு பழைய காயம் இருக்கிறது, கணக்குத் தீர்ப்பதோ வழியில் வருகிறவரிடம்.

ஆகஸ்ட் 30, சனி

பிரிக்ஃபீல்ட்ஸில் நம்மவர் வீடு. ரயில் நிலையம் நடக்கும் தூரம், கிளானா ஜெயாவுக்கு நேர் ரயில். வீட்டுக்கார அம்மா காப்பி கொடுத்து உட்காரவைத்தார். கந்தசுவாமி கோயிலுக்குப் போகும் பழக்கம் உண்டா என்று கேட்டார். பாப்பாவைப் பிடித்துவிட்டது. மறுநாளே சாமான்களைக் கொண்டுவரலாம் என்றார்.

கிளம்பும்போது சந்தோஷத்தில் சொன்னார்: "நல்லவேளை நீ வந்தேம்மா. நேத்துத்தான் ஒரு பினாங்குப் பொண்ணு வந்துச்சு. நல்லாத் தமிழ் பேசுது, பேங்க் வேலை. முஸ்லிம்னதும் இல்லைன்னு சொல்லிட்டேன். நமக்கு ஒத்துவராதுல்ல?"

பாப்பா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அந்த அறையில ரெண்டு கட்டில் இருக்கே ஆண்ட்டி. அவங்க நம்பர் இருந்தா நாங்க ரெண்டு பேருமா எடுத்துக்குறோமே" என்றாள். அந்த அம்மாவின் முகம் அன்று அந்த ஏஜெண்டின் முகம் மாறியது போலவே மாறியது. நம்பரை எழுதி வைக்கவில்லை என்றார்.

ரயிலில் வரும்போது, "ஒருத்தரைத் தள்ளிட்டுக் குடுக்குற அறையில எனக்குத் தூக்கம் வராது அத்தை" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. அவள் சொன்னதில் எனக்குப் பெருமைதான். வீட்டுக்கு வந்ததும் தாமான் மேடான் அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள். அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம்.

நாளை சுதந்திர தினம், அண்ணனுக்கு விடுமுறை. காலையிலேயே கூப்பிடப் போகிறேன். 2001-ஐ மறந்துவிடச் சொல்லப் போவதில்லை, அதைக் கேட்க எனக்கு உரிமையில்லை. அந்த அக்காவோடு ஒரு தடவை நேரில் உட்கார்ந்து பேசிவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொல்லுங்கள், பஸ் டிக்கெட்டை நானே எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லப் போகிறேன்.